தலைக்கு டானிக் வேண்டாம், வேலை கொடுங்கள்

டில்லியில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மூளையில் வந்துதான் நிற்கிறது. மலை மந்திரில் பிரசாத வரிசையானாலும் சரி, மயூர் விஹாரில் யார் வீட்டுக் கொலுவானாலும் சரி.

"பையன் நாள் முழுக்கப் படிக்கிறான். பரீட்சை ஹாலுக்குப் போனா எல்லாம் மறந்து போயிடுதாம்."

"ஊர்லேர்ந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. அதுக்குள்ள மறதி ஜாஸ்தியாயிடுச்சு."

"அதை விடுங்க, எனக்கே நேத்து ஏடிஎம் வாசல்ல பின் நம்பர் மறந்து போச்சு!"

இதற்கெல்லாம் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஞாபக சக்திக்கு என்ன சாப்பிடலாம்?"

இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "என்ன சாப்பிடலாம்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்தத் தலைக்கு இந்த வீட்டில் என்ன வேலை இருக்கிறது" என்று கேட்க வேண்டும். ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பாசம், வசதி, பாதுகாப்பு என்று நல்ல பெயர்களைச் சொல்லியே எல்லோருடைய தலையிலிருந்தும் வேலையைப் பிடுங்கிவிடுகிறோம். பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

முதலில் கடைச் சரக்கைப் பார்த்துவிடலாம்.

ஜின்கோ பைலோபா என்று ஒரு மாத்திரை. மூளைக்கு நல்லது என்று உலகம் முழுக்க விற்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு ஏறக்குறைய ஆறு வருடம் ஒரு பாதிக்கு அதையும், மறுபாதிக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. அடுத்தது மூளை விளையாட்டு ஆப்கள். லுமோசிட்டி என்ற பெரிய கம்பெனி, தன் விளையாட்டுகள் வயதால் வரும் மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தது. ஆதாரமில்லாமல் சொன்னதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்துக்கொள்ள, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ஆப்பில் கட்டம் போட்டு விளையாடினால் அந்தக் கட்ட விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகலாம். சாவி எங்கே வைத்தோம் என்பது ஞாபகம் வரும் என்று நம்ப வேண்டாம்.

குழந்தைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் புத்தகம் படிக்க வைக்கும் வகுப்புகளுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பார்ப்பதற்கு எதற்கு இவ்வளவு ஃபீஸ்? :-)

வல்லாரை? ருசிக்காகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கீரை நல்லதுதான். ஆனால் வடக்கே 'பிராமி' என்ற ஒரே பெயரில் வல்லாரையும் விற்கிறது, நீர்ப்பிரமியும் விற்கிறது. இரண்டும் வேறு வேறு செடி. டப்பாவில் இருப்பது எது என்பதே குழப்பமாக இருக்கும்போது அதை நம்பிப் பரீட்சைக்குப் போக முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

துவாரகாவில் நண்பர் ஒருவர் வீடு. ஏழாவது மாடி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தார். ஊரில் தனியாக இருக்கிறாரே என்று மகன் ஆசையாகக் கூட்டி வந்தது. காலையில் மகனும் மருமகளும் ஆபீஸ், பேரன் ஸ்கூல். சமையலுக்கு ஆள். காய்கறி பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. லிஃப்டில் இறங்கப் பயம், இறங்கினாலும் பேச ஆளில்லை. "ஆச்சிக்கு மறதி வந்துடுச்சு, காலையில மாத்திரை போட்டாங்களா இல்லையான்னுகூடச் சொல்லத் தெரியல" என்று நண்பர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஆச்சி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னது:

"நெனவுல வச்சுக்கிடதுக்கு இங்க எனக்கு என்ன இருக்கு தம்பி?"

ஊரில் அந்த அம்மாவின் தலைக்குள் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும். பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி. சீட்டுக் கட்டும் தேதி. கோயில் கொடை எந்தச் செவ்வாய். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், திருப்பி எவ்வளவு செய்ய வேண்டும். எந்த மருமகளுக்கு எந்த மாசம் பேறுகாலம். இது ஒரு சின்ன வங்கிக் கிளை நடத்துகிற வேலை. டில்லிக்கு வந்த மறுநாள் அத்தனையும் தேவையில்லாமல் போயிற்று. இங்கே ஞாயிறும் புதனும் ஒரே மாதிரி இருக்கிறது. நாளுக்கு நாள் வித்தியாசமே இல்லை என்றால் மாத்திரை போட்டது இன்றைக்கா நேற்றா என்று யாருக்குத்தான் குழம்பாது?

"வாழ்நாள் முழுக்க உழைச்சாச்சு, இப்பவாவது அம்மா ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்பார்கள். ரெஸ்ட் என்பது வேலைக்கு நடுவில் வருவது. காலை முதல் ராத்திரி வரை ரெஸ்ட் என்றால் அதற்குப் பெயர் வேலையில்லாத் திண்டாட்டம். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு அது வந்தால் மனசு உடைந்து போகிறான் என்று புரிகிற நமக்கு, எழுபது வயசு அம்மாவுக்கு வந்தால் மட்டும் அது சுகமாகத் தெரிகிறது.

அதற்காக, "வேலை கொடுங்கள்" என்றால் பேரப்பிள்ளைகளை நாள் முழுக்க மேய்க்கிற சம்பளமில்லாத ஆயா வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஏற்கெனவே நிறைய வீடுகளில் நடக்கிறது, இடுப்பு வலிதான் மிச்சம். நான் சொல்வது பொறுப்புள்ள வேலை. முடிவு எடுக்கிற வேலை. வாரத்துக்கு ஒரு தடவை காய்கறிக் கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும். டில்லியில் ஒவ்வொரு ஏரியாவிலும் கிழமைச் சந்தை உண்டு: திங்களுக்குச் சோம் பஜார், புதனுக்குப் புத் பஜார். கையில் ஐநூறு ரூபாயைக் கொடுத்து, கூடவே நடந்து போய், பேரம் பேசுகிற வேலையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். என்ன வாங்குவது, எவ்வளவு மிச்சம் என்று வீட்டுக்கு வந்து அவர்களே கணக்குச் சொல்லட்டும். பத்து ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டால் குடி முழுகிவிடாது.

"ஹிந்தி தெரியாதே?" அதுதான் இங்கே அதிர்ஷ்டம். ஹைதராபாத்தில் நிஜாம் மருத்துவ நிலையத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவும் மறதி நோய் வந்த 648 பேரின் விவரங்களை அலசி 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரே மொழி பேசுகிறவர்களைவிட நாலரை வருடம் தாமதமாக நோய் ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதே மாதிரி சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒரு மொழியில் இறங்கினால் அதே நாலரை வருடம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் இரண்டு மொழிக்கு நடுவில் மாறி மாறிப் போவது தலைக்கு நல்ல தேகப்பயிற்சி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவர்கள் காசு கொடுத்து ஆப் வாங்குகிறார்கள். நமக்கு வாசலில் காய்கறி வண்டிக்காரரே வாத்தியாராக நிற்கிறார்.

அடுத்தது நடை. 2011-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் 55 முதல் 80 வயதுக்குள் இருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் வேகமாக நடந்தது. இன்னொரு குழு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதான காலத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்குவதுதான் வழக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. செருப்புத் தேய்மானம் தவிர வேறு செலவும் இல்லை. ஒரே எச்சரிக்கை: டில்லியில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை விடிகாலை வாக்கிங் வேண்டாம். அந்த நேரத்துக் காற்று மோசமாக இருக்கும். காற்று மாசும் மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்று. வெயில் ஏறிய பிறகு, காற்றுத் தர எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வெயில் என்றதும் மயூர் விஹாரில் ஒரு மாமி ஞாபகம் வருகிறார். கும்பகோணம். எழுபது தாண்டியவர். குளிர்காலத்தில் மதியம் சொசைட்டிப் பூங்காவில் வடக்கத்திப் பெண்கள் எல்லோரும் வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து பட்டாணி உரிப்பதும் ஸ்வெட்டர் பின்னுவதுமாக இருப்பார்கள். இந்த மாமி முதல் குளிர்காலத்தில் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தாராம். இரண்டாவது குளிர்காலத்தில் தானும் ஒரு கிலோ பட்டாணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவருடைய ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாக வரும். யாரும் கவலைப்படுவதில்லை. இப்போது எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு முட்டி ஆபரேஷன், எந்தக் கடையில் தேங்காய் நன்றாக இருக்கும் என்று மொத்தச் செய்தியும் அவரிடம்தான். கும்பகோணத்தில் நடத்திய அதே செய்தி நிலையம், மொழி மட்டும் வேறு. வெயில், நடை, மனுஷ சகவாசம், கைவேலை, புது மொழி... எந்த டானிக் பாட்டிலில் இத்தனையும் சேர்த்துக் கொடுப்பார்கள்?

மனசு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அது அழுகையாகத்தான் வரும் என்றில்லை. பல நேரம் மறதி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். எதைக் கேட்டாலும் "தெரியல", "ஞாபகம் இல்ல" என்பார்கள். பனி மூட்டத்தில் பத்து நாள் சூரியனே தெரியாத ஜனவரியில், ரூம் ஹீட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அப்படி ஆவதில் ஆச்சரியம் என்ன? மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. டாக்டரிடம் போவதில் வெட்கமும் வேண்டாம்.

"அம்மாவுக்கு மறதி" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சில சாதாரண விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலில் காது. சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் எப்படி ஞாபகம் இருக்கும்? லான்செட் பத்திரிகையின் குழு 2024-ல் மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. சரிசெய்யாத காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு, உடம்பை அசைக்காமல் இருப்பது, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றையெல்லாம் கவனித்தால் உலகில் 45 சதவீதம் மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நம் வீடுகளில் கண்ணாடி போடுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, காது மெஷின் என்றால் மட்டும் "இந்த வயசுல எதுக்கு" என்கிறோம். டானிக் காசைச் சேர்த்து வையுங்கள், காது மெஷினுக்கு உதவும்.

அடுத்து பி12 வைட்டமினும் தைராய்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அதனாலும் மறதி வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். பிறகு மாத்திரை டப்பா. தூக்க மாத்திரையும், தூக்கம் வரவழைக்கிற பழைய வகைச் சளி மாத்திரையும் வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும். ஊர் டாக்டர் கொடுத்தது, இங்கே டாக்டர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி பிள்ளைகள் பக்கம். படித்தது நிற்கவில்லை என்றால் நாம் செய்கிற முதல் காரியம் இன்னொரு டியூஷன். அதற்காகத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் வெட்டு. பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துகிற வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அதை வெட்டுவது, சிமெண்ட் பூசிவிட்டுத் தண்ணீர் தெளிக்காமல் விடுவது மாதிரி.

இன்னொன்று, படிக்கிற முறை. ஒரே பாடத்தை நான்கு தடவை கோடு போட்டுக் கோடு போட்டுப் படிப்பதைவிட, ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது நல்லது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது: அவர்களுக்கு 42 சதவீதம், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதில் பிரம்பைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது இதுதான். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துச் சதாவதானி என்று பெயர் வாங்கியதும் பயிற்சியால்தான், பாட்டிலால் இல்லை.

இந்த இரண்டு பிரச்சினையையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் பேரன் தன் பாடத்தை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஆச்சியிடம் தமிழில் சொல்லட்டும். ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றால், மனப்பாடம் செய்த வாக்கியம் உதவாது. விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஆச்சி நிச்சயம் குறுக்குக் கேள்வி கேட்பார்: "ஏல, அப்ப ராத்திரியில மரம் என்னல சாப்பிடும்?" பையன் திணறுவான், தேடிப் பார்ப்பான், மறுநாள் வந்து பதில் சொல்வான். மறுநாள் "நேத்து எங்க விட்டோம்?" என்று ஆச்சி ஞாபகப்படுத்த வேண்டும். இரண்டு தலைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் வராத தமிழ், கேட்காமலே வந்து சேரும். வாரத்தில் நாலு நாள், இருபது நிமிடம் போதும்.

நடு வயதுக்காரர்களான நமக்கும் இதே கதைதான். வீட்டு நம்பரையும் போன் பார்க்கிறது, வழியையும் போன் சொல்கிறது. வாரத்தில் ஒரு நாள், தெரிந்த இடத்துக்காவது மேப் போடாமல் போங்கள். நெருங்கிய நாலு பேர் நம்பரைத் தலையில் வையுங்கள். மெட்ரோவில் போன் திருட்டுப் போகிற அன்றைக்கு உபயோகப்படும்!

கடைசியாக ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 45 சதவீதம் என்றால் மீதி 55 சதவீதம் நம் கையில் இல்லை. பட்டாணி உரித்தால் அல்சைமர் குணமாகாது. தினமும் நடந்தவர்களுக்கும், நாலு மொழி பேசியவர்களுக்கும் அது வந்திருக்கிறது. வந்தால் அது அவர்கள் தப்பும் இல்லை, பார்த்துக்கொள்கிற மகள், மருமகள் தப்பும் இல்லை. வழக்கமாகப் போகிற வழி தெரியாமல் நிற்பது, அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைக்காமல் விடுவது, சொன்னதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது என்று இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது மறதியே இல்லை, அவசரம். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெளியே தனியாகப் போனால் தொலைந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், கழுத்தில் முகவரி அட்டை மாட்டிவிடுங்கள். பூட்டி வைக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவரிடம் போய், "இந்த வீட்ல எந்தப் பொறுப்பை நீங்க எடுத்துக்கறீங்க?" என்று கேளுங்கள். முதலில் "எனக்கு எதுக்கு" என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது தடவையும் கேளுங்கள். சாவிக் கொத்தோ, பால் கணக்கோ, செடிக்குத் தண்ணீரோ, எதைக் கேட்டாலும் கொடுங்கள். கொடுத்த பிறகு பின்னாலேயே போய்ச் சரிபார்க்காதீர்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சாப்பிடுகிற மாத்திரை எதையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். டானிக்கை மட்டும் தாராளமாக நிறுத்தலாம், அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு :-)